கன்றும் கேமராவும் – ஒரு சிறு வரலாறு

கன்று என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பசுங்கன்றுதான். ஆனால் தமிழில் அந்தச் சொல் ஒரு பெரிய குடும்பத்துக்கே சொந்தம். தொல்காப்பியத்தின் மரபியல், எந்தெந்த விலங்கின் குழந்தையைக் கன்று என்று சொல்லலாம் என ஒரு பட்டியலே கொடுக்கிறது. யானை, குதிரை, கழுதை, கடமை, பசு, எருமை, மரை, கவரி, ஒட்டகம் எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலத்திலும் பசுவின் கன்றுக்கும் யானைக் கன்றுக்கும் ஒரே சொல்தான். அங்கே திமிங்கிலத்தின் குட்டியையும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

இந்தக் கன்றுகளை மனிதன் மிகப் பழங்காலத்திலிருந்தே கவனித்து வந்திருக்கிறான். மாடு மேய்ப்பவன் பாலுக்காகக் கவனித்தான். வேட்டைக்காரன் இறைச்சிக்காகக் கவனித்தான். இந்த இரண்டும் இல்லாமல், கன்று எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே காட்டில் காத்திருந்தவர்களின் வரலாறு சுமார் நூற்று முப்பது ஆண்டுகள்தான். அந்த வரலாற்றில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு. படம் எடுத்தவர்கள் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் ஒன்றும் அதில் இருக்கிறது: கன்றைப் பார்த்தால், அதன் தாய் எங்கே என்று பார்க்க வேண்டும்.

துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா

ஜார்ஜ் ஷிராஸ் (1859–1942) என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர். சிறு வயதிலிருந்தே மிச்சிகன் பகுதியில் உள்ள ஒயிட்ஃபிஷ் ஏரியில் மான் வேட்டைக்குப் போனவர். அங்கே ஒஜிப்வே பழங்குடியினரிடமிருந்து அவர் கற்ற முறை ஒன்று உண்டு. இரவில் படகின் முன்புறம் தீ எரிய வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் துடுப்புப் போட்டுச் செல்வார்கள். தண்ணீர் குடிக்க வந்த மான் அந்த ஒளியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். இருட்டில் இரண்டு கண்கள் மின்னும். வேட்டைக்காரன் அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சுடுவான்.

ஷிராஸ் அதே படகில், அதே விளக்கோடு போனார். ஆனால் துப்பாக்கி இருந்த இடத்தில் கேமராவை வைத்தார். வெளிச்சத்துக்கு மெக்னீசியத் தூளை வெடிக்க வைக்கும் கருவி. பெரும் சத்தம், கண்ணைப் பறிக்கும் ஒளி, பிறகு ஒரே புகை! ஒரு தடவை வெடித்தால் ஒரு படம்தான். மான்கள் தெறித்து ஓடிவிடும். இப்படி 1890களில் அவர் எடுத்த இரவுப் படங்கள் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றன. தாய் மானும் அதன் இரட்டைக் கன்றுகளும் நீர்க்கரையில் நிற்கும் படம் அவருடைய படங்களில் பெயர்பெற்ற ஒன்று.

1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் ஷிராஸின் 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. அறிவியல் இதழைப் படப் புத்தகமாக்குகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு அதன் நிர்வாகக் குழுவில் இருந்த இரண்டு பேர் விலகினார்கள்! ஆனால் வாசகர்கள் அந்தப் படங்களை விரும்பினார்கள். அந்த இதழ் இன்றும் காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர் பெற்றிருப்பதற்கு அதுவே தொடக்கம்.

ஷிராஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வலசை போகும் பறவைகளைக் காக்க வேண்டும் என்று 1904இல் முதன்முதலில் மசோதா கொண்டு வந்தவர் அவரே.

இந்தியாவில் இதைச் செய்தவர்களில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் குறிப்பிடத்தக்கவர். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த இவர், விலங்கின் கால் கம்பியில் பட்டதும் கேமரா தானே இயங்கும்படி அமைத்துப் புலிகளைப் படமெடுத்தார். தென்னிந்தியாவில் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1968இல் நேரு ஆய்வு நிதி பெற்று, தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றிக் களப்பணி செய்தார். முதுமலையில் பழக்கப்பட்ட யானையின் முதுகில் ஏறிக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். படத்தோடு குறிப்பும் எழுதிவைப்பது அவர் வழக்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது பத்தி அவர் மறையும் வரை வந்தது.

ஒளியும் கன்று, ஓடும் கன்று

படமெடுப்பவர்கள் காட்டில் அதிக நேரம் இருக்கத் தொடங்கியதும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. எல்லாக் கன்றுகளும் ஒரே மாதிரி வளர்வதில்லை.

ஃபிரிட்ஸ் வால்தர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் மான்களையும் மறிமான்களையும் பல ஆண்டுகள் கவனித்து, கன்றுகளை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, ஒளிந்து படுக்கும் கன்று. மற்றொன்று, தாயின் பின்னாலேயே ஓடும் கன்று.

ஓடும் வகைக்கு நல்ல உதாரணம் ஆப்பிரிக்காவின் வில்டிபீஸ்ட். பார்க்க மாடு போல இருக்கும் இது உண்மையில் மறிமான் இனம். இதன் கன்று பிறந்து சராசரியாக ஏழு நிமிடத்தில் எழுந்து நிற்கிறது. ஓரிரு நாளில் கூட்டத்தோடு ஈடு கொடுத்து ஓடுகிறது. 1960களில் கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் தங்கி இவற்றைக் கவனித்த ரிச்சர்ட் எஸ்டெஸ், ஆண்டின் பெரும்பாலான கன்றுகள் மூன்றே வாரத்துக்குள் பிறந்துவிடுவதைக் கண்டார். கழுதைப்புலிகள் எவ்வளவு தின்றாலும் அத்தனை கன்றுகளையும் தின்று தீர்க்க முடியாது. எண்ணிக்கையே பாதுகாப்பு! யானைக் கன்றும் தாயோடு நடக்கும் வகைதான். இருபத்திரண்டு மாதம் வயிற்றில் இருந்து, சுமார் நூறு கிலோ எடையோடு பிறந்து, சில நாட்களில் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நடந்து போகிறது.

ஒளியும் வகை இதற்கு நேர் எதிர். பெரும்பாலான மான்களின் கன்றுகள் இந்த வகை. பால் குடித்ததும் கன்று புல்லிலோ புதரிலோ போய் அசையாமல் படுத்துக்கொள்ளும். தாய் அங்கே நிற்காது. தூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாளில் சில தடவை மட்டுமே வந்து பால் கொடுக்கும். வரும்போது கன்றை நக்கி, அதன் கழிவைக்கூடத் தின்று, வாசனை இல்லாமல் ஆக்கிவிட்டுப் போகும். தாய் கன்றின் பக்கத்திலேயே நின்றால் நரிக்கும் கழுதைப்புலிக்கும் அது வழிகாட்டியது போல் ஆகிவிடும். ஆபத்து நெருங்கினால் ஒளிந்திருக்கும் மான்கன்றின் இதயத் துடிப்பே குறைந்துவிடுகிறது என்று அமெரிக்க வெள்ளைவால் மான்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பசுவும் அடிப்படையில் இந்த வகைதான். மேய்ச்சல் காட்டில் கன்று போட்ட பசு, கன்றைப் புதரில் விட்டுவிட்டு ஒன்றும் தெரியாதது போல் மேய்ந்துகொண்டிருக்கும். மாட்டுக்காரர் அவசரப்பட்டுத் தேடமாட்டார். மடி கனத்ததும் பசு எங்கே போகிறது என்று பார்த்து, பின்னாலேயே போவார். ஆய்வாளர் நூலில் எழுதியதை அவர் அனுபவத்திலேயே தெரிந்துவைத்திருந்தார்.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் வருகிறது. காட்டு வழியே போகிறவர் கண்ணில் தனியே படுத்திருக்கும் மான்கன்று படுகிறது. அது ஓடவில்லை. பெரிய கண்களால் பார்க்கிறது. "ஐயோ பாவம், தாயில்லாத கன்று" என்று நினைத்துக் கிட்டே போய்ப் படமெடுக்கிறார். தாய் அருகில்தான் இருக்கிறது. மனிதர் நிற்பதால் வராமல் இருக்கிறது. அவர் எவ்வளவு நேரம் நின்று பரிதாபப்படுகிறாரோ, அவ்வளவு நேரம் கன்று பட்டினி! அந்தப் படத்தில் தெரியும் தனிமையைப் படமெடுப்பவரே உண்டாக்குகிறார். அதோடு விடாமல் கன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால், அன்று முதல் அது உண்மையிலேயே தாயில்லாத கன்று.

தாயின் பெயரில் பதிவு

கன்றுப் படங்கள் அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்ட காலம் 1970களில் மாறியது. ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அதன் வாழ்க்கை முழுவதையும் பதிவு செய்யும் ஆய்வுகள் தொடங்கின.

கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972இல் தொடங்கிய யானை ஆய்வு இதில் புகழ்பெற்றது. அங்கே ஒவ்வொரு யானைக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் காதின் படம் ஒட்டியிருக்கும். காது ஓரத்தில் உள்ள கிழிசல், ஓட்டை, நரம்புக் கோடு ஆகியவைதான் யானையின் கைரேகை. ஆனால் கன்றின் காது வழுவழுவென்று இருக்கும். கிழிசல் ஏதும் இருக்காது. ஆகவே கன்றை அடையாளம் காண ஒரே வழி, அது யாருடைய காலடியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான்! ஒரு குடும்பத்தில் பிறக்கும் கன்றுகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர் வைத்தார்கள்.

எக்கோ என்பது அப்படி ஒரு குடும்பத்தின் தலைவி. 1990இல் அது ஒரு ஆண் கன்றை ஈன்றது. ஈலை என்று பெயர். கன்றின் முன்னங்கால்கள் மடங்கியே இருந்தன. நிமிர்த்த முடியவில்லை. நிற்க முடியாததால் தாயின் மடியை எட்டவும் முடியவில்லை. ஒளிப்பதிவாளர் மார்ட்டின் கோல்பெக் அப்போது எக்கோவின் குடும்பத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். கன்று பிழைக்காது என்றே பார்த்தவர்கள் பயந்தார்கள்.

எக்கோ தும்பிக்கையால் கன்றைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கூட்டத்தில் மற்றவை மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நகர்ந்தன. எக்கோ நகரவில்லை. அதன் இளம் மகள் ஈனிட் என்ற யானையும் தாயோடும் தம்பியோடும் நின்றுவிட்டது. கன்று மடங்கிய மூட்டுகளாலேயே தவழ்ந்து தவழ்ந்து நகர்ந்தது. இரண்டு யானைகளும் அதன் வேகத்துக்கு ஏற்ப அடி எடுத்துவைத்தன. மூன்றாம் நாள் ஈலையின் கால்கள் நிமிர்ந்தன. எழுந்து நின்று பால் குடித்தது!

1989இல்தான் உலக அளவில் யானைத் தந்த வணிகத்தைத் தடை செய்ய முடிவாகியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் காட்சிகள் தொலைக்காட்சி வழியே உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. தந்தத்தை வெறும் பொருளாக நினைத்தவர்கள், அந்தத் தந்தத்துக்கு உரிய விலங்கு மூன்று நாள் தன் கன்றுக்காகக் காத்து நின்றதைப் பார்த்தார்கள். எக்கோ 2009இல், அறுபது வயதைக் கடந்து இயற்கையாக இறந்தது. அதன் வாழ்க்கை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் பதிவாகியிருக்கிறது.

கடலிலும் இதே கதைதான். ரோஜர் பேய்ன் 1970இல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் ரைட் திமிங்கிலங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். இவற்றின் தலையில் வெள்ளை நிறத்தில் சொரசொரப்பான திட்டுகள் இருக்கும். திமிங்கிலத்துக்குத் திமிங்கிலம் அந்த அமைப்பு மாறும். விமானத்திலிருந்து தலையைப் படமெடுத்தால் எது எது என்று சொல்லிவிடலாம். கன்றுக்கு அந்தத் திட்டுகள் தெளிவாக அமையச் சில மாதங்கள் ஆகும். எனவே இங்கும் கன்று முதலில் தாயின் பெயரில்தான் பதிவாகிறது. ஒரு தாய் பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கன்று ஈனுகிறது என்பது இந்தப் படங்களை ஒப்பிட்டுத் தெரிந்துகொண்டதே. திமிங்கிலத்தைக் கொல்லாமலேயே அதன் வாழ்க்கையை அறிய முடியும் என்பது அன்று புதிய செய்தி.

எண்ணிக்கை சொல்லும் துயரம்

இப்படி வருடா வருடம் கன்றுகளை எண்ணுவதால் என்ன பயன்? ஆபத்து வரும்போது அது முதலில் கன்றுக் கணக்கில்தான் தெரிகிறது.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் இன்று நானூறுக்கும் குறைவு. குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா, புளோரிடா கரையோரம் அவை கன்று ஈனும். விமானத்தில் பறந்து ஒவ்வொரு கன்றையும் படமெடுப்பார்கள். 2017–18 பருவத்தில் அவர்களுக்குக் கிடைத்த கன்றுகளின் எண்ணிக்கை பூஜ்யம். ஒன்றுகூட இல்லை. மீன்பிடிக் கயிறுகளில் சிக்கியும் கப்பல்களில் அடிபட்டும் தாய்கள் இறப்பதும் நலிவதும் எவ்வளவு தீவிரமானது என்பதை அந்தப் பூஜ்யம் உணர்த்தியது. கப்பல்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால் வலுப்பெற்றது.

கஜகஸ்தானின் புல்வெளியில் 2015 மே மாதம் நடந்தது இன்னும் கொடியது. சைகா என்பது விநோதமான பெரிய மூக்குடைய மறிமான். ஆண்டுக்கு ஒரு முறை பெண் சைகாக்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடிக் கன்று ஈனும். அதைக் கவனிக்க ஆய்வுக் குழு ஒன்று போயிருந்தது. கன்றுகளைப் பதிவு செய்யப் போனவர்கள் கண் எதிரே தாய்கள் விழத் தொடங்கின. பிறகு அவற்றிடம் பால் குடித்த கன்றுகளும் விழுந்தன. மூன்று வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சைகாக்கள் இறந்தன. உலகில் இருந்த சைகாக்களில் பாதிக்கும் மேல்!

குழு அங்கேயே இருந்ததால்தான் உடனே மாதிரிகள் எடுக்க முடிந்தது. காரணம் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா. நம் ஊர் எருமைகளுக்கு மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பான் நோயும் இதனால்தான் வருகிறது. சாதாரணமாக சைகாவின் தொண்டையில் தீங்கின்றி இருக்கும் இது, அந்த ஆண்டு வழக்கத்தை மீறிய வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நாட்களில் உயிரைக் குடித்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. சைகாவுக்கு இரட்டைக் கன்றுகள் பிறப்பது சாதாரணம். வேட்டையும் கட்டுப்படுத்தப்பட்டது. 2022இல் கஜகஸ்தானில் எண்ணியபோது பதின்மூன்று லட்சம் இருந்தன!

கருணையே கொன்ற கன்றுகள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 2016 மே மாதம் ஒரு காட்டெருமைக் கன்று தனியே நிற்பதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்தார்கள். குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துக் காரில் ஏற்றிக்கொண்டு வன அலுவலரிடம் கொண்டுபோனார்கள். காரின் பின்புறம் கன்று நிற்கும் படம் உலகம் முழுவதும் பரவியது. முதலில் சிரித்தவர்கள், பிறகு நடந்ததைக் கேட்டு அதிர்ந்தார்கள். கன்றைக் கூட்டத்தோடு சேர்க்கப் பலமுறை முயன்றும் கூட்டம் ஏற்கவில்லை. அது திரும்பத் திரும்ப மனிதர்களையும் கார்களையுமே தேடி வந்தது. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். 2023இலும் அதே பூங்காவில் இதே போல் நடந்தது. ஆற்றில் தவித்த கன்றை ஒருவர் கையால் தள்ளிக் கரையேற்றினார். கூட்டம் அதைச் சேர்க்கவில்லை. அதற்கும் அதே முடிவு. தள்ளியவருக்கு அபராதம்.

இரண்டு முறையும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கன்றைப் பார்த்தவர்கள் தாயைத் தேடவில்லை. அவ்வளவே.

இதற்கு எதிரான உதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 2023 டிசம்பர் இறுதியில் வால்பாறை அருகே பன்னிமேடு பகுதியில் கூட்டத்தைப் பிரிந்து ஒரு யானைக் கன்று தவித்துக்கொண்டிருந்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வனத்துறையினர் அதை முகாமுக்குக் கொண்டுபோய் வளர்க்க முடிவு செய்யவில்லை. டிரோனைப் பறக்கவிட்டு முதலில் கூட்டம் எங்கே என்று தேடினார்கள். அனுபவமுள்ள வேட்டைத் தடுப்புக் காவலர்களின் துணையோடு கன்றைத் தாயிடம் கொண்டு சேர்த்தார்கள். பிறகு தூரத்திலிருந்தே கண்காணித்தார்கள். அப்போது கிடைத்ததுதான், தாயின் அணைப்பில் அந்தக் கன்று படுத்து உறங்கும் படம். கன்றின் படங்களில் அதைவிட நிறைவானது வேறு என்ன இருக்க முடியும்?

எல்லாக் கன்றுக்கும் இந்த நல்வாய்ப்பு கிடைப்பதில்லை. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் வளர்த்த ரகு, தாய் மின்சாரம் தாக்கி இறந்ததால் அநாதையான கன்று. அதன் கதையைச் சொன்ன ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. தாய் இல்லை என்பது உறுதியான பிறகு மனிதர் தாயாவது வேறு. தாய் இருக்கும்போதே குறுக்கே நிற்பது வேறு.

கேமரா இப்போது வேறு வேலைக்கும் பயன்படுகிறது. ஜெர்மனியில் வசந்த காலத்தில் புல் அறுக்கும் இயந்திரங்களில் சிக்கி மான்கன்றுகள் பெருமளவில் இறந்துவந்தன. இயந்திரம் வந்தாலும் அவை ஓடாது. ஒளிந்து படுப்பதுதானே அவற்றுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு! இன்று விடியற்காலையில் வெப்பத்தை உணரும் கேமரா பொருத்திய டிரோன்களைப் பறக்கவிட்டு, குளிர்ந்த புல்லில் சூடான புள்ளியாகத் தெரியும் கன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். கைப்பிடி நிறையப் புல்லை வைத்துக்கொண்டு, மனித வாடை படாமல் கன்றைத் தூக்கி வயலோரம் வைக்கிறார்கள். அறுத்து முடித்ததும் தாய் வந்து அழைத்துப்போகிறது.

இரவில் மின்னும் இரண்டு கண்களைக் குறிவைத்துச் சுட்ட காலத்திலிருந்து, புல்லுக்குள் ஒரு சூடான புள்ளியைத் தேடிக் காப்பாற்றும் காலம் வரை வந்தாகிவிட்டது. இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. முதுமலை போகும் சாலையிலோ, கொடைக்கானல் மலைப்பாதையிலோ தனியே ஒரு கன்று கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது எளிது. கிட்டே போகக்கூடாது, தொடக்கூடாது, உணவு தரக்கூடாது. தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். காயமோ ஆபத்தோ இருப்பதாகத் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம். தாய் வரும். அது வருவதற்கு வழிவிட்டால் போதும்.